ஏணியில் ஏறாதவர்கள் விழுந்தவர்களா?

சிறப்பு மருத்துவப் போட்டியில் தேறாதவர்களே குடும்ப மருத்துவத்துக்கு வருகிறார்கள் என்னும் வாதம் பிரிட்டனில் பழையது. சர்ச்சிலின் மருத்துவராக இருந்த மோரன் பிரபு 1958இல் அரச ஆணையத்தின் முன் சாட்சியமளிக்கையில், பொது மருத்துவர்களை ஏணியிலிருந்து விழுந்தவர்களாகவே சித்திரித்தார். மருத்துவத்துக்கு ஒரே ஓர் ஏணிதான் உண்டு என்ற முன்முடிவை நீக்கிவிட்டால் இவ்வாதத்தில் எதுவும் எஞ்சாது.

கேம்பிரிட்ஜில் பயின்று, ஆர்ச்சி காக்ரேனின் நோய்ப்பரவல் ஆய்வுப் பிரிவில் பணியாற்றிய ஜூலியன் டூடர் ஹார்ட், வேறு வழியின்றி வேல்ஸின் கிளின்கோரக் என்னும் சுரங்கக் கிராமத்துக்குக் குடும்ப மருத்துவராகச் சென்றவரல்லர். அறிகுறியே காட்டாத உயர் இரத்த அழுத்தத்தைக் கண்டறிய, நோயென்று வராதவர்களையும் அழைத்துப் பரிசோதித்த அவர், 1971இல் 'தலைகீழ்ப் பராமரிப்பு விதி'யை, அதாவது மருத்துவம் மிகுதியாகத் தேவைப்படும் இடத்திலேயே அது அரிதாகக் கிடைக்கிறது என்னும் கருத்தை, அக்கிராம அனுபவத்திலிருந்தே முன்வைத்தார். ஒரே மக்கள் கூட்டத்தைப் பல்லாண்டு தொடர்ந்து கவனிக்கும் இந்த வாய்ப்பு எந்த நிபுணருக்கும் எளிதில் வாய்ப்பதில்லை.

வேலை நேரமும் குடும்ப வசதியும் சிலரை இத்துறைக்கு ஈர்க்கின்றன என்பது உண்மையே. ஆனால் அதே காரணங்களுக்காகத் தோல் மருத்துவத்தைத் தேர்ந்தெடுப்பவரை எவரும் தோற்றவர் என்று சொல்வதில்லை. நிபுணர்களே ஆசிரியர்களாக உள்ள பெருமருத்துவமனைகளில் மட்டும் மாணவரைப் பயிற்றுவித்துவிட்டு, அவர் குடும்ப மருத்துவத்தை நாடவில்லை என்பதை அத்துறையின் தகுதிக்குறைவுக்குச் சான்றாகக் காட்டுவது, காணவிடாமல் மறைத்த ஒன்றை ஏன் விரும்பவில்லை என்று கேட்பதற்கு ஒப்பாகும்.