கல்லில் உறைந்த தோலும் கலங்கிய வாதமும்

பழங்காலக் கடல் ஊர்வன சிலவற்றின் எலும்புகளோடு தோலும் கொழுப்பும் கல்லில் உறைந்து கிடைத்திருக்கின்றன. செய்தி உண்மையே. ஆனால் இதனைப் பற்றிக்கொண்டு ஒரு வாதம் நம் இறைமக்களிடையே துண்டுப் பிரசுரமாகவும் கைப்பேசிக் காணொளியாகவும் உலா வருகிறது. "தோல் சில நாள்களில் அழுகிவிடும், அது இன்னும் இருக்கிறதென்றால் அந்த உயிர்கள் கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்திருக்க முடியாது, ஆகவே உலகின் வயது ஆறாயிரம் ஆண்டுகளே, விவிலியம் வென்றது, அறிவியல் தோற்றது" என்பதே அவ்வாதம். விசுவாசத்துக்கு ஓர் ஆயுதம் கிடைத்ததென்று நம்மவர் சிலர் மகிழ்கின்றனர். விசுவாசத்தை உள்ளிருந்தே அரிக்கும் கறையான் இது என்போம் நாம்.

செய்தியை முதலில் முழுமையாக அறிவோம். செருமனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியில் ஹோல்ஸ்மாடன் என்றோர் ஊர் உண்டு. அங்குள்ள கருநிறக் கல்லடுக்குகள் ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடிச் சேறாக இருந்தவை. மீனைப் போன்ற உருவமும் நுரையீரலும் கொண்டு, குட்டி ஈன்று வாழ்ந்த இக்தியோசார் என்னும் ஊர்வன அங்கே ஏராளமாகக் கிடைத்துள்ளன. வயிற்றில் குட்டிகளோடு கல்லான தாய்களும் உண்டு. 2018ஆம் ஆண்டு லண்ட் பல்கலைக்கழகத்தின் யோஹான் லிண்ட்கிரெனும் அவர்தம் குழுவினரும் அத்தகைய உடல் ஒன்றை ஆராய்ந்து 'நேச்சர்' இதழில் எழுதினர். செதிலற்ற வழுவழுப்பான தோல், அதன்கீழ்த் திமிங்கிலத்துக்கு உள்ளது போன்ற கொழுப்புப் படலம், கருமையான முதுகு, வெளிறிய வயிறு ஆகியவற்றின் சுவடுகளை அவர்கள் கண்டனர். அவ்வுயிர் வெப்பக்குருதி உடையதாக இருந்திருக்கும் என்றும் முடிவு செய்தனர். 2025இல் அதே அடுக்குகளைச் சேர்ந்த பிளீசியோசார் ஒன்றின் தோலும் விவரிக்கப்பட்டது.

சரி, தோல் அழுகாமல் எஞ்சியது எப்படி? கேள்வி நியாயமானதே. விடையை நம் கடற்கரைப் பங்குகளின் தாய்மார்களிடமே கேட்கலாம். வெயிலில் கிடக்கும் மீன் ஒரே நாளில் நாறுகிறது. உப்பிட்டு உலர்த்திய கருவாடோ மாதக்கணக்கில் தாங்குகிறது. அழுகும் வேகம் சூழலைப் பொறுத்தது. அதைக் கடிகாரமாகக் கொள்வது பேதைமை. ஹோல்ஸ்மாடன் கடலின் அடியில் உயிர்வளி மிகக் குறைவு. பிணந்தின்னும் உயிர்கள் அங்கே வாழ்வது அரிது. மென்சேற்றில் புதைந்த உடலைக் கனிமங்கள் விரைந்து ஊடுருவிக் காத்தன. இன்று கிடைப்பது பச்சைத் தோலும் அன்று. கனிமத்தை வேதிப்பொருள்களால் கரைத்த பின்னரே வெளிப்படும், பெரிதும் உருமாறிய எச்சம்.

அந்த அடுக்குகளின் வயதும் தோலைக் கொண்டு கணிக்கப்பட்டதன்று. ஒரே வகை அம்மோனைட்டுகள் பொதிந்த அடுக்குகள் பல நாடுகளில் உள்ளன. அவற்றில் எரிமலைச் சாம்பல் படிந்த இடங்களில், படிகங்களுக்குள் யுரேனியம் ஈயமாக மாறியிருக்கும் அளவைக் கொண்டு காலம் கணிக்கப்படுகிறது. யுரேனியம் 238 பாதியாகக் குறைய ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள் ஆகும். இந்தக் கணக்கைத் தொடாமல் தோலை மட்டும் காட்டி வெற்றி முழங்குவது, சாட்சிகளுள் ஒருவரை மட்டும் விசாரித்துத் தீர்ப்பெழுதுவதற்கு ஒப்பாகும்.

2005இல் டைனோசார் எலும்பில் மென்திசுவைக் கண்டறிந்து இந்த விவாதத்துக்கே வித்திட்டவர் மேரி ஸ்வைட்சர். 2018 ஆய்விலும் அவருக்குப் பங்குண்டு. அவர் கிறிஸ்துவை அறிக்கையிடும் பெண்மணி. தம் கண்டுபிடிப்பைத் திரித்து இளம் பூமிக்குச் சான்றாக்குவதை அவரே வெளிப்படையாக மறுத்திருக்கிறார். குருதியிலுள்ள இரும்பு திசுவைப் பாதுகாக்கக்கூடும் என்பதை 2013இல் அவர் குழுவினர் காட்டினர்: குருதிச் சிவப்பணுச் சாற்றில் ஊறிய தீக்கோழியின் இரத்தக்குழாய்கள் சாதாரண வெப்பநிலையிலேயே ஈராண்டுகள் கெடாதிருந்தன, வெறும் நீரில் இட்டவை சில நாள்களில் அழியத் தொடங்கின. அவருடைய உழைப்பை எடுத்துக்கொண்டு அவருடைய சொல்லை மறைப்பது "பொய்ச்சான்று சொல்லாதே" என்னும் கட்டளைக்கு ஏற்குமா?

"அப்படியானால் தொடக்கநூல் பொய்யா?" என்பார்கள். ஆறாயிரம் ஆண்டு என்னும் கணக்கு விவிலியத்தில் எங்கும் இல்லை. தலைமுறை வரிசைகளைக் கூட்டி அக்கணக்கை 1650இல் வெளியிட்டவர் ஆங்கிலிக்கன் பேராயர் ஜேம்ஸ் அஷர். நம் மீட்புக்கென இறைவன் எழுதுவிக்க விரும்பிய உண்மையையே விவிலியம் பிழையின்றிக் கற்பிக்கிறது என்பது இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் போதனை. அதில் பாறைகளின் வயதைத் தேடுவது திருநூலைச் சிறுமைப்படுத்துவதாகும். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரும் 1996இல் பரிணாமக் கொள்கை வெறும் கருதுகோள் என்னும் நிலையைக் கடந்துவிட்டதென ஏற்றார்.

பாறையடுக்குகளைப் படிக்கும் முறையை 1669இல் வகுத்த நிக்கோலாஸ் ஸ்டேனோ பின்னர் நம் திருச்சபையின் ஆயரானவர். 1988இல் முத்திப்பேறு பெற்றவர். அடுக்குகளின் காலநீளம் அவருக்குத் தெரியாது. ஆயினும் கல் சொல்வதைக் கேட்க அவர் அஞ்சவில்லை.

புனித அகுஸ்தினார் பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்பே எச்சரித்தார்: வானையும் மண்ணையும் பற்றிக் கிறிஸ்தவர் அறியாமல் உளறுவதைப் பிறர் கேட்டால், உயிர்ப்பைப் பற்றி அவர் சொல்வதை எவ்வாறு நம்புவர்? இங்கேதான் ஆபத்து. இக்தியோசார் நமக்கு அயலூர்க் கதையன்று. திருச்சிராப்பள்ளியை அடுத்த ஊட்டத்தூர்ப் பாறைத் தொகுதியில் கிடைத்த அதன் முள்ளெலும்புகளை லைடெக்கர் 1879லேயே விவரித்துள்ளார். நம் மறைக்கல்வி வகுப்பில் ஆறாயிரம் ஆண்டென்று கேட்ட சிறுமி நாளை கல்லூரியில் அந்த எலும்பைக் கையில் ஏந்துவாள். கிறிஸ்து உயிர்த்தார் என்பதையும் அதே வாயால்தான் சொன்னோம். எதை நம்புவாள், எதைத் தள்ளுவாள்?

ஆகவே இத்தகைய தாள்களைக் கோவில் வாசலில் வழங்குவதை நாம் நிறுத்த வேண்டும். மறைக்கல்வி ஆசிரியர்களுக்குத் தொடக்கநூலின் இலக்கிய வகையைக் கற்பிக்க வேண்டும். ஒரு கடற்பிராணியின் தோலைப் பதினெட்டுக் கோடி ஆண்டுகள் சேற்றில் காத்துவைத்த படைப்பின் முன் வியந்து நிற்பதும் செபமே. அந்த ஆண்டுகளைக் குறைத்துச் சொல்லித்தான் இறைவனைக் காக்க வேண்டும் என்னும் நிலை அவருக்கு இல்லை.