எந்தப் பாம்பின் விஷத்துக்கு இந்த முறிவு மருந்து?

வீராணம் ஏரிப் பாசனத்தில் சம்பா முற்றும் காலத்தில் வயலில் எலி பெருகும். எலியைத் தேடிக் கண்ணாடி விரியன் வரும். காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் வரப்பில் கடிபட்டவரை அங்குள்ள அரசு மருத்துவமனைக்கும், நிலைமை மோசமானால் அண்ணாமலைநகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் கொண்டுபோகிறார்கள். எங்கே போனாலும் ஏற்றப்படுவது ஒரே மருந்துதான். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் பொதுவான, குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கப்படும் விஷமுறிவு மருந்து. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்ததாக ஆய்வு மதிப்பிடுகிறது. தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது சரியான முடிவு. ஆனால் கடிபட்டவர்களை மட்டும் கணக்கெடுத்தால் பாதிக் கணக்குதான் கிடைக்கும். அவர்களுக்கு ஏற்றிய மருந்து எவ்வளவு வேலை செய்தது என்பதும் அதே பதிவேட்டில் ஏற வேண்டும்.

வீரியத்துக்கு நாட்டில் அளவுகோல் இல்லாமல் இல்லை. ஒரு மில்லிலிட்டர் மருந்து நாகம், கண்ணாடி விரியன் விஷத்தில் குறைந்தது 0.6 மில்லிகிராமையும், கட்டுவிரியன், சுருட்டை விரியன் விஷத்தில் 0.45 மில்லிகிராமையும் முறிக்க வேண்டும் என்கிறது இந்திய மருந்துத் தர நூல். 10 மில்லிலிட்டர் குப்பி ஒன்று கண்ணாடி விரியனின் 6 மில்லிகிராம் விஷத்தை முறிக்கும். அந்தப் பாம்பு ஒரு கடியில் சராசரியாக 63 மில்லிகிராம் செலுத்தும் என்பதால்தான் முதல் தவணையாக 8 முதல் 10 குப்பி ஏற்றச் சொல்கிறது சிகிச்சை நெறிமுறை. ஆக, நள்ளிரவில் மருத்துவர் போடும் கணக்கு முழுவதும் ஆய்வகம் தந்த ஓர் எண்ணை நம்பி நிற்கிறது. ஆய்வகத்தில் விஷத்தையும் மருந்தையும் சோதனைக் குழாயில் கலந்து, உடல் வெப்பநிலையில் அரை மணி நேரம் வைத்து, சுண்டெலிகளுக்கு ஊசி போட்டு, எத்தனை பிழைக்கின்றன என்று பார்க்கிறார்கள். மனித உடலிலோ விஷம் முன்னே போய்விடுகிறது. மருந்து ஒரு மணி, மூன்று மணி நேரம் கழித்துத்தான் அதைத் துரத்துகிறது. இந்தக் குறை இருந்தாலும், ஒரு தயாரிப்புத் தொகுதியை இன்னொன்றோடு ஒப்பிட இந்தச் சோதனை அவசியம். நம் கேள்வி வேறு: அந்தக் குழாயில் ஊற்றிய விஷம் எந்த ஊர்ப் பாம்பினுடையது?

நெடுங்காலமாக அதற்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான். மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியால் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான் மருந்து நிறுவனங்களுக்கு முக்கியமான விஷ ஆதாரம். சென்னையைச் சுற்றியுள்ள மாவட்டங்களில் பிடித்த பாம்புகளை மண்பானையில் துணி கட்டி வைத்து, சில முறை விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விடுகிறார்கள். அந்த மக்களின் அறிவுக்கு நாடு கடன்பட்டிருக்கிறது. வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது வெகு தாமதமான மரியாதை. சிக்கல், சில மாவட்டங்களின் பாம்பை முழு நாட்டுக்கும் பிரதிநிதியாக்கியதில் இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகர் குழு 2019 முதல் வெளியிட்ட ஆய்வுகள், ஒரே இனப் பாம்பின் விஷம்கூட வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுவதையும், சில பகுதிகளின் விஷத்தை மருந்து எதிர்பார்த்த அளவுக்கு முறிக்காததையும் காட்டின. விஷம் தமிழகத்துடையது என்பதால் கொள்ளிடக் கரைக்குக் கவலை இல்லை என்று சிலர் சொல்லலாம். அப்படி இருந்தால் மகிழ்ச்சியே. ஆனால் அதையும் அளந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அளக்காமல் நம்பியதன் விலையை ஆப்பிரிக்காவின் கானா கொடுத்தது. பொருந்தாத விஷத்தை வைத்துத் தயாரித்த மருந்துக்கு அங்கே ஒரு பகுதி மாறியபோது, பாம்புக்கடியில் இறப்பவர் விகிதம் சுமார் 2 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாக உயர்ந்தது.

கண்ணாடி விரியன் கடியைப் பொறுத்தவரை, வீரியத்தைக் கண்காணிக்கும் கருவி ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் ஏற்கெனவே இருக்கிறது. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லிலிட்டர் ரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்க்கிறார்கள். உறையாமல் வழிந்தால் விஷம் வேலை செய்கிறது என்று பொருள். மருந்து ஏற்றி 6 மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கிறார்கள். அந்த இரண்டாவது குழாய் நோயாளியின் நிலையைச் சொல்வதோடு குப்பியின் தரத்தையும் சொல்கிறது. எந்தத் தொகுதி எண், எத்தனை குப்பியில் ரத்தம் உறைந்தது என்ற இரண்டே விவரங்கள் அரசுக்குப் போகும் படிவத்தில் இடம்பெற்றால், பலவீனமான தொகுதி எதுவென்று விரைவில் தெரிந்துவிடும். கடித்த பாம்பு எது, எவ்வளவு தாமதமாக வந்தார் என்பதைப் பொறுத்து ஒரு நோயாளியின் முடிவு மாறும். அதனால் ஒரு பதிவை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. நூறு பதிவுகள் ஒரே திசையைக் காட்டினால் அந்தத் தொகுதியை ஆய்வகத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும். அதற்கு ஒவ்வொரு முறையும் இமாசலத்தின் கசௌலியில் உள்ள மத்திய ஆய்வகத்தை எதிர்பார்த்திருக்கக் கூடாது. 1899 முதல் இயங்கும் கிண்டி கிங் நிறுவனத்தில் இதற்கென ஒரு பிரிவை அரசு ஏற்படுத்த வேண்டும். அங்கே ஒப்பிடுவதற்கான விஷம் டெல்டாவிலும் சேகரிக்கப்பட வேண்டும். வனத்துறை அனுமதியோடு அந்தப் பணியை இருளர் சங்கமே விரிவுபடுத்தலாம்.

மருந்தின் தரத்தைப் பொதுவில் கேள்வி கேட்டால் மக்கள் மந்திரிக்கப் போய்விடுவார்கள் என்ற அச்சம் நியாயமானது. ஆகவே ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறோம்: இன்று கையில் உள்ள மருந்து உயிர் காக்கிறது, கடிபட்டவர் நேரே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். பத்துக் குப்பி ஏற்றியும் ரத்தம் உறையாமல் ஒருவர் இறந்தால் ஊரின் நம்பிக்கை உடைகிறது; அதைத் தடுக்கத்தான் கண்காணிப்பு வேண்டும் என்கிறோம். நெருக்கினால் நிறுவனங்கள் உற்பத்தியையே கைவிடும் என்ற வாதமும் வெறும் மிரட்டல் அல்ல. ஆப்பிரிக்காவுக்கான நல்ல மருந்து ஒன்றின் தயாரிப்பு லாபமில்லை என்று 2014-ல் நின்றது. கடைசித் தொகுதி 2016-ல் காலாவதியானது. அதனால்தான் செலவை நிறுவனங்களின் தலையில் மட்டும் கட்டாமல், தரத்தை நிரூபிக்கும் மருந்துக்குக் கூடுதல் விலையும் உறுதியான கொள்முதலும் தர அரசு முன்வர வேண்டும். மிகக் குறைந்த விலை கேட்டவருக்கே ஒப்பந்தம் என்ற முறை இந்த மருந்துக்குப் பொருந்தாது. படிவத்தில் அந்த இரண்டு விவரங்களைச் சேர்க்கச் சட்டமோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. சுகாதாரத் துறை ஓர் ஆணை பிறப்பித்தால், கடலூர் மாவட்டத்தில் அடுத்த சம்பா அறுவடைக்கு முன்பே இதைத் தொடங்கிவிடலாம்.