தாடை ஆறும் காலம்



கோணலாக வளர்ந்த தாடையை அறுவை மருத்துவத்தால் சீராக்கிக்கொண்ட இளம்பெண் ஒருத்தியை அண்மையில் நம் பங்கில் சந்தித்தோம். ஐந்தாம் நாள் வீக்கம் குறையத் தொடங்கிற்று, வலியும் தணிந்தது. இனி மாத்திரை எதற்கு, குழைந்த சோறு ஊட்டலாமே என்றார் பாட்டியார். அன்பினால் எழுந்த எண்ணமே, ஆயினும் ஆபத்தானது.

இவ்வறுவையில் எலும்பை வெட்டி, உரிய இடத்தில் அமைத்து, டைட்டானியத் தகடுகளாலும் திருகாணிகளாலும் பொருத்துகின்றனர். எலும்பு கூடுவதற்கு ஏறக்குறைய 6 வாரங்கள் வேண்டும். முகத்தில் தழும்பு தெரியாதிருக்கப் பெரும்பாலும் வாய்க்குள்ளேயே கீறுவதால், கிருமிகள் மலிந்த இடத்திலேயே புண் ஆறவேண்டியுள்ளது. சீழ் பிடித்தால் தகட்டையே அகற்ற நேரிடலாம்.

ஆதலின் மருத்துவர் குறித்த நாள்வரை மருந்தைத் தவறாது உட்கொள்க. உண்டபின் ஒவ்வொரு முறையும் அவர் சொன்னவாறு வாய் கொப்பளித்து, மென்மையான சிறு பிரஷால் பல் துலக்குக. வடித்த கஞ்சி, மோர், பருப்புநீர், பழச்சாறு போதும். மெல்லவேண்டிய எதுவும் அவர் இசையும்வரை ஆகாது. புகைப்பழக்கம் குருதியோட்டத்தைக் குறைத்துப் புண்ணை ஆறவொட்டாது, அறவே விலக்குக.

வடிந்த வீக்கம் மீண்டும் எழுந்தாலோ, காய்ச்சல், சீழ், வாயில் கெட்ட சுவை தோன்றினாலோ அன்றே மருத்துவரிடம் செல்க. மூச்சுத் திணறினால் நொடியும் தாமதியாதீர்கள்.

பாட்டியார் நம் சொல்லைச் செவிமடுத்துக் கஞ்சி வடிக்க எழுந்தார். நோயுற்றோரைப் பேணுதல் அறம். பொறுமையுடன் பேணும்போதே அது நிறைவுறும்.