பட்டன் கூடக் கூட பாரம் ஆருடைய தலையில?

ஒரு செயலியில் புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது "ஏன்?" என்று கேட்க ஆளில்லை. இருக்கிற ஒன்றை எடுக்கப் போனால்தான் நூறு பேர் வந்து நிற்பார்கள். சேர்க்கிறது முன்னேற்றம், எடுக்கிறது பின்னடைவு எண்டு எல்லாருக்கும் ஒரு நினைப்பு. மென்பொருள் எழுதுகிற ஆக்களிடம் இந்த நினைப்பு இன்னும் கூட.

இது கலிபோர்னியாவில் ஆரோ முடிவெடுக்கிற விசயம், எங்களுக்கென்ன என்று இருக்க ஏலாது. வடக்கில் இப்ப மென்பொருள் செய்கிற இளம் ஆக்கள் கனபேர். யாழ் ஐரி ஹப் மாதிரியான இடங்களுக்குப் புதுப்புது எண்ணங்களோட பெடி பெட்டையள் வருகினம். கடைக் கணக்குக்கு ஒரு செயலி, தோட்டக்காரருக்கு ஒரு செயலி, ரியூசனுக்கு ஒரு செயலி. எல்லாத்திலும் முதற்பக்கத்திலேயே பன்னிரண்டு பட்டன். அதனால் இந்தக் கேள்வி எங்கட கையிலயும் கிடக்கு.

வசதி கூட வேணுமா, எளிமை வேணுமா என்று கேட்டால் இந்த விவாதம் முடியாது. நாங்கள் கேட்கிற கேள்வி வேறு: ஒரு வேலையின் சிக்கலை ஆர் சுமக்கிறது?

லரி ரெஸ்லர் என்று ஒரு கணினி விஞ்ஞானி இருந்தார். செரொக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வுகூடத்தில் கட், கொப்பி, பேஸ்ட்டை உருவாக்கினவர்களில் ஒருவர். 2020இல் காலமானார். 1980களில் அவர் முன்வைத்த விதி ஒன்று இருக்கிறது. எந்த வேலைக்குள்ளும் குறைக்கவே ஏலாத அளவு சிக்கல் ஒன்று இருக்கும். அதை இல்லாமல் செய்ய முடியாது, இடம் மாற்றத்தான் முடியும். செய்கிறவர் சுமக்காவிட்டால் பாவிக்கிறவர் சுமக்க வேண்டும்.

எங்கட ஊர்களில் இதில் மூன்றாவது ஆள் ஒருவரும் இருக்கிறார். கொடிகாமம் சந்தியை எடுத்துக்கொள்ளுங்கோ. ஏ9 வீதியில் பருத்தித்துறை வீதியும் கச்சாய் வீதியும் வந்து ஏறுகிற இடம். சந்தைக்கு வருகிற சனம், ரயிலுக்கு வருகிற சனம், பஸ் மாறுகிற சனம் எல்லாம் கூடுகிற இடம். இப்படியான எந்தச் சந்தியிலும் ஒரு கொமினிகேசன் கடை இருக்கும். போட்டோ கொப்பியும் ரீலோடும் அவர்களின் தொழில். ஆனால் பாதி நேரம் அவர்கள் செய்கிற வேலை வேறு. "தம்பி, இதை ஒருக்கா பாத்துத் தாங்கோ" என்று ஒரு அம்மா போனை நீட்டுவா. லொக்கைத் திறந்தே குடுப்பா. அடையாள அட்டை இலக்கமும் சொல்லுவா, வந்த ஓடிபியும் வாசிச்சுக் காட்டுவா. கொழும்பில் ஒரு அலுவலகத்தில் ஆரோ யோசிக்காமல் விட்ட சிக்கல், கடைசியில் கொமினிகேசன் கடைப் பெடியன்ர மேசைக்கு வந்து சேருது. அந்தப் பெடியன் நல்லவன் எண்டால் பிழையில்லை. ஆனால் ஒருத்தரின் வங்கிக் கணக்கின் பாதுகாப்பு அடுத்தவரின் நல்ல மனசில் தங்கியிருந்தால் அதை நல்ல வடிவமைப்பு என்று சொல்ல ஏலாது.

எல்லாம் பிழை என்று நாங்கள் சொல்லவில்லை. அண்மைக்காலத்தில் இந்த நாட்டில் எங்களுக்குத் தெரிந்த நல்ல உதாரணம் ஒன்று, ஆரும் விரும்பாத ஒரு காலத்தில்தான் வந்தது. 2022 யூலையில் அறிமுகமான எரிபொருள் அட்டை, அந்தக் கியூஆர். வரிசையில் நாள்கணக்கில் காய்ஞ்ச சனத்துக்கு அது என்ன செய்தது? வாகன இலக்கம், செசி இலக்கம், அடையாள அட்டை இலக்கம், போன் நம்பர் குடுத்துப் பதிந்தால் ஒரு படம் வரும். அவ்வளவுதான். மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று தொடங்கியது. பெற்றோல் செட்டில் அந்தப் படத்தை ஸ்கான் பண்ணினால் மிச்சம் எவ்வளவு என்று தெரியும்.

அந்தப் படத்தை வைத்திருக்க ஸ்மார்ட் போன் தேவையில்லை என்பதுதான் இதில் பெரிய விசயம். கடதாசியில் அடித்து லமினேட் பண்ணிக்கொண்டு திரிந்தார்கள். சிலர் ஹெல்மெட்டுக்குள் வைத்தார்கள், சிலர் பேர்சுக்குள். மழையில் நனையலாம், போன் சார்ஜ் இறங்கலாம், டேட்டா முடியலாம். அட்டை வேலை செய்யும். கணக்குப் பார்க்கிற சிக்கல் முழுவதும் சேர்வரிலும் செட்காரரின் போனிலும் இருந்தது. வண்டிக்காரரின் கையில் ஒரு துண்டுக் கடதாசி. இதையே ஒரு சாதாரண கூட்டத்தில் வடிவமைத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? தனிச் செயலி, அதுக்கொரு பாஸ்வேர்ட், வரிசை எவ்வளவு நீளம் என்று காட்ட ஒரு மப், விளம்பரத்துக்கு ஒரு மூலை. அவசரம் அதுக்கெல்லாம் நேரம் குடுக்கவில்லை. எது இல்லாவிட்டால் சனம் நடுத்தெருவில் நிற்குமோ அதை மட்டும் செய்தார்கள். 2023 செப்டம்பர் 1இல் அந்த முறை நிறுத்தப்படும் வரைக்கும் அந்த எளிமை தாக்குப்பிடித்தது.

அங்கேயும் பாரம் இருந்ததுதான். செசி இலக்கம் எங்கே இருக்கு என்று தேடினதும், பதிவதற்குக் கொமினிகேசன் கடைகளில் கூட்டம் நின்றதும் மறக்கிற விசயம் இல்லை. ஆனால் அந்தப் பாரத்தை ஒருமுறை சுமந்தால் காணும். ஒவ்வொரு நாளும் சுமக்க வைக்கிற செயலிகளோடு ஒப்பிட்டால் அது பெரிய வித்தியாசம்.

இனி எல்லாருடைய போனிலும் கிடக்கிற வட்ஸ்அப்புக்கு வருவோம். 2009இல் ஜான் கூமும் பிரையன் அக்டனும் தொடங்கினார்கள். விளம்பரம் வேண்டாம், விளையாட்டு வேண்டாம், வித்தை வேண்டாம் என்று அக்டன் எழுதிக் குடுத்த துண்டைக் கூம் தன் மேசையில் ஒட்டி வைத்திருந்த கதை பிரபலமானது. 2014இல் பேஸ்புக் அதை 19 பில்லியன் டொலருக்கு வாங்குவதாக அறிவித்தபோது 45 கோடிப் பேர் பாவித்தார்கள். வேலை செய்தவர்கள் ஏறத்தாழ 55 பேர். பெயரும் பாஸ்வேர்டும் கேட்காமல் போன் நம்பரையே அடையாளமாக்கினது அவர்கள் செய்த கெட்டித்தனம். கணக்குத் திறக்கிற சிக்கலை அவர்கள் சுமந்தார்கள். அதனால்தான் மின்னஞ்சல் எண்டால் என்னெண்டு தெரியாத அம்மம்மாவும் ரொறன்ரோவில் இருக்கிற பேரப்பிள்ளையோட கதைக்கிறா.

புது வசதி என்றாலே கெடுதல் இல்லை என்பதற்கும் இதே செயலிதான் சாட்சி. 2013இல் குரல் செய்தி வந்தது. அழுத்திப் பிடி, கதை, விடு. ஒரு பட்டன்தான் கூடினது, ஆனால் ஒரு பெரிய மதில் இடிஞ்சது. தமிழில் ரைப் பண்ணத் தெரியாதவர்கள், பாமினியா யுனிகோடா என்று கேட்டால் முழிக்கிறவர்கள், ஆங்கில எழுத்தில் தமிழை எழுத வெட்கப்பட்டவர்கள் எல்லாம் அண்டைக்குப் பேசத் தொடங்கினார்கள். பலாப்பழக் காலத்தில் தென்மராட்சிப் பழம் என்ன விலை போகுது என்று கேட்கிற வியாபாரிக்கு ஒரு படமும் ஒரு குரல் செய்தியும் காணும். அந்த வசதி வந்ததால் செயலி இன்னும் எளிதானது. எண்ணிக்கையை வைத்து எளிமையை அளக்க ஏலாது என்று நாங்கள் சொல்வதற்கு இதுதான் காரணம்.

2017 பெப்ரவரியில் நடந்தது இதற்கு நேர்மாறு. ஒரு வரி எழுதி வைக்கிற பழைய ஸ்டேற்றஸை எடுத்துவிட்டு, 24 மணித்தியாலத்தில் மறைகிற படங்களைக் கொண்டுவந்தார்கள். சனம் கத்தினது. அடுத்த மாதமே பழையதை வேறு பெயரில் திருப்பிக் குடுக்க வேண்டி வந்தது. இப்ப சனல், கொமியூனிற்றி, வேண்டாம் எண்டாலும் போகாத அந்த நீல வட்டம், 2025இல் அறிவித்த விளம்பரங்கள் என்று அந்தத் துண்டில் இருந்த மூன்று "வேண்டாம்"களும் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டு போகுது. இவற்றில் எது பாவிக்கிறவர் கேட்டு வந்தது, எது கொம்பனிக்குத் தேவைப்பட்டு வந்தது என்று பிரித்துப் பார்த்தால் விசயம் விளங்கும்.

எங்களுக்கு எதிராகச் சொல்லக்கூடிய நல்ல வாதம் ஒன்று இருக்கிறது. எண்பது வீதமான ஆக்கள் இருபது வீதமான வசதிகளைத்தான் பாவிக்கிறார்கள், மிச்சத்தை வெட்டுங்கோ என்று சொல்வது வழமை. ஜோயல் ஸ்பொல்ஸ்கி என்ற மென்பொருள் எழுத்தாளர் 2001இல் இதை மறுத்தார். எல்லாரும் பாவிக்கிறது ஒரே இருபது வீதம் இல்லை, ஆளுக்கு ஆள் வேறு என்றார். அது சரி. மரக்கறி விற்கிறவருக்குத் தேவையில்லாதது ரீச்சருக்குத் தேவை.

அப்ப என்ன செய்யிறது? மைக்ரோசொப்ட் பட்ட பாட்டைப் பார்க்கலாம். வேர்ட் 2003 வரும்போது அதில் 30 வரையான கருவிப்பட்டைகள் சேர்ந்துவிட்டன. அதற்கு முதல் ஒபிஸ் 2000இல், பாவிக்காத மெனுக்களைத் தானாக மறைத்துப் பார்த்தார்கள். நேற்று இருந்த இடத்தில் இண்டைக்கு இல்லை என்று ஆக்கள் எரிச்சல்பட்டதுதான் மிச்சம். உதவி செய்ய வந்த கிளிப்பி என்ற பேசும் கடதாசிக் கிளிப் உலகப் பகிடியாகிப் போனது. 2007இல்தான் உட்கார்ந்து எல்லாவற்றையும் வேலைவாரியாகப் பிரித்து அடுக்கினார்கள். அதுவும் பழகின ஆக்களிடம் ஏச்சு வாங்கினது. மறைத்து வைப்பது எளிமை ஆகாது, அடுக்கி வைப்பது ஆகும் என்பதை இதில் இருந்து எடுத்துக்கொள்ளலாம். அடிக்கடி வேண்டியது கைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். எப்பவாவது வேண்டியது ஒரு கதவுக்குப் பின்னால் இருக்கட்டும். ஆனால் அந்தக் கதவு ஒவ்வொரு நாளும் இடம் மாறக் கூடாது.

இன்னொரு ஆபத்தும் இருக்கு. எளிமை என்ற பெயரில் "ஊர்ச் சனத்துக்கு இவ்வளவும் காணும்" என்று குறைச்சுக் குடுக்கிற மனநிலை. அது எங்களுக்கு வேண்டாம். 2003இல் வந்த நொக்கியா 1100, 25 கோடிக்கு மேல் விற்ற போன். தூசு உள்ளுக்குப் போகாத விசைகள், ஒரு ரோர்ச் லைற். மின்சாரம் நிற்கிற ஊர்களையும் புழுதி கிளம்புகிற வீதிகளையும் மரியாதையோடு பார்த்தவர்களால்தான் அந்த ரோர்ச்சை யோசிக்க ஏலும். எளிமைக்கு வேண்டியது அந்த மரியாதைதான்.

மென்பொருள் செய்கிற நண்பர்களிடம் நாங்கள் ஒன்று கேட்கிறோம். அடுத்த வசதியைச் சேர்க்க முதல் ஒரு கிழமை உங்கட ஊர்க் கொமினிகேசன் கடையில், கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, ஒரு கதிரையில் இருந்து பாருங்கோ. ஆருடைய விபரத்தையும் எழுத வேண்டாம். என்ன வேலைக்காகப் போனை நீட்டுகிறார்கள் என்பதை மட்டும் எழுதுங்கோ. அந்தப் பட்டியலில் வருகிற ஒவ்வொரு வரியும், ஒரு செயலி தன் பாரத்தைத் தானே சுமக்காமல் விட்ட இடம். புது வசதி வேணுமெண்டால் அங்க இருந்து தொடங்குங்கோ. அந்தப் பட்டியலில் ஒரு வரியைக் குறைக்கிற வசதி எண்டால் நூறு பட்டன் வந்தாலும் நாங்கள் வரவேற்போம். ஒரு வரியைக் கூட்டுகிறது எண்டால் ஒரு பட்டனும் கூட.