ஆலையும் இல்லமும்

பூவிருந்தவல்லியைக் கடந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே செல்வோர், விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு காட்சியைக் காணலாம். சாலையின் இருமருங்கிலும் ஆடவரும் மகளிரும் சிறு சிறு கூட்டமாக நிற்பர். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் சோற்று டப்பாவும் இருக்கும். ஒன்றன்பின் ஒன்றாக வரும் கம்பெனிப் பேருந்துகள் அவர்களை ஏற்றிச் செல்லும். ஒன்றரை மணி நேரம் கழியுமுன்னரே அப்பேருந்துகள், இரவெல்லாம் உழைத்துக் கண் சிவந்தோரைச் சுமந்து திரும்பும். கணவன் ஏறிய பேருந்தும் மனைவி அமர்ந்த பேருந்தும் எதிரெதிரே கடந்து போதலும் உண்டு. சாளரத்தின் வழியே ஒருவரையொருவர் கண்டு கையசைத்துக் கொள்வதே அன்றைய நாளில் அவ்விருவருக்கும் வாய்த்த உரையாடலாய் முடிவதும் உண்டு.

திருப்பெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால் என்னும் இவ்வூர்கள் ஒரு தலைமுறைக்கு முன் ஏரிப் பாசனத்தையும் வானத்தையும் நம்பியிருந்தவை. திருப்பெரும்புதூரை இராமாநுசர் பிறந்த பதியென்றே உலகம் அறிந்திருந்தது. 1998-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார் வண்டிகள் உருவாகத் தொடங்கின. 2006-இல் நோக்கியா தொலைபேசி ஆலை திறக்கப்பெற்று 2014-இல் மூடப்பெற்றது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் ஆலை எழுந்தது. இவற்றைச் சூழ்ந்து, உறுப்புகள் செய்யும் சிற்றாலைகள் பல தோன்றின. ஏர் பிடித்தவரின் மகன் இன்று இயந்திரக் கையை இயக்குகிறான். நாற்று நட்டவளின் மகள் நுண்ணிய மின்கருவிகளைப் பொருத்துகிறாள்.

இதனை நாம் குறை கூற வரவில்லை. மழை பொய்த்த ஆண்டில் கடன்காரன் வாசலில் வந்து நின்ற காலத்தை மறந்தோரே பழைய வாழ்வு முற்றும் இனிது என்று பாடுவர். மாதந்தோறும் தவறாது வரும் சம்பளம் கூரையை ஓடாக்கியது, ஓட்டை மாடியாக்கியது, பெண்மக்களைத் தம் பொருட்டுத் தாமே முடிவு செய்யும் நிலைக்கு உயர்த்தியது. பண்டை இல்லத்தில் அம்மியும் ஆட்டுக்கல்லும் அரைத்தவர் யார், திண்ணையில் அமர்ந்து கதை பேசியவர் யார் என்பதையும் நாம் அறிவோம். ஆதலின் ஆலை வேண்டா என்பது நம் கருத்தன்று. ஆலை இல்லத்தினின்று எடுத்துக்கொண்டது யாது, அதனுள் திருப்பித் தரக்கூடியது யாது என்பதே நாம் எண்ண விழைவது.

சென்ற பொங்கல் விடுமுறையில், நம்முடன் பயிலும் நண்பர் ஒருவரின் உறவினர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். சுங்குவார்சத்திரத்தை அடுத்த ஒரு சிற்றூரில் உள்ளது அவ்வீடு. தந்தை ஓர் ஆலையிலும் தாய் மற்றோர் ஆலையிலும் வேலை செய்கின்றனர். பத்தாம் வகுப்பிற் படிக்கும் மகளும் ஆறாம் வகுப்பிற் படிக்கும் மகனும் உளர். தந்தையின் தாயார், பிள்ளைகள் 'ஆயா' என்றழைக்கும் மூதாட்டி, வீட்டைக் காத்து வருகிறார்.

அவ்வீட்டின் முன்னறையில் ஒரு புத்தக அலமாரியைக் கண்டோம். ஆலைக்குச் சரக்கு வரும் மரப்பெட்டிகளின் பலகைகளைப் பழைய சாமான் கடையில் வாங்கி வந்து, வீட்டாரே செய்தது அது. தந்தை ரம்பத்தால் அறுத்தார். மகன் பழைய ஆணிகளைப் பிடுங்கிக் கல்லின்மேல் வைத்துத் தட்டி நிமிர்த்தினான். மகள் உப்புத்தாள் கொண்டு தேய்த்தாள். தாய் வண்ணம் பூசினார். ஆயா மைதாவைக் காய்ச்சிப் பசையாக்கிப் பழைய நாட்காட்டித் தாள்களைத் தட்டுகளில் ஒட்டினார். இத்துணை பேர் கைபட்டும் அலமாரி ஒருபுறம் விரலளவு சாய்ந்தே நிற்கிறது. அதன் காலின்கீழ் அட்டையொன்றை மடித்து வைத்திருக்கின்றனர். ஆலையில் மயிரிழை பிசகாது உறுப்புகளைப் பொருத்தும் தந்தையின் கைவேலை இது என்று சொல்லிச் சொல்லிப் பிள்ளைகள் நகைக்கின்றனர். அவரும் உடன் நகைக்கிறார். கடையில் வாங்கிய அலமாரி நேராக நின்றிருக்கும். ஆயினும் அதனைச் சுட்டி நகைப்பதற்கு அவர்களுக்கு ஒன்றும் இருந்திராது.

"இதனைச் செய்து முடிக்க எத்தனை நாளாயின?" என்று வினவினோம். "மூன்று மாதம்" என்றாள் மகள். வேலை கடினமானதன்று, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடியத்தக்கதே. மூன்று மாதம் ஆனது ஏன்? அதன் விடையை அடுக்களைக் கதவில் ஒட்டியிருந்த ஒரு தாளிற் கண்டோம். அது தாய் தந்தை இருவரின் ஷிப்டுக் கணக்கு. தந்தைக்கு மூன்று முறை: காலை ஆறு முதல் பிற்பகல் இரண்டு வரை, இரண்டு முதல் இரவு பத்து வரை, பத்து முதல் காலை ஆறு வரை. வாரந்தோறும் அது மாறும். தாய்க்கு முதலிரண்டு முறைகளே. அவையும் வாரந்தோறும் மாறும். வார விடுமுறையோ இருவருக்கும் வெவ்வேறு நாள்.

கணக்குப் பயிலும் நண்பர்கள் இதனை எளிதிற் கண்டுகொள்வர். மூன்று வாரச் சுழலும் இரண்டு வாரச் சுழலும் ஆறு வாரத்திற்கு ஒருமுறை தொடங்கிய இடத்திற்கு வந்து சேரும். அவ்வாறு வாரத்தில் தாய்க்கு மாலை ஓய்வுள்ள வாரம் மூன்று. அம்மூன்றில் ஒன்றில் தந்தை இரண்டாம் முறையில் ஆலையில் இருப்பார். எஞ்சிய இரண்டு வாரங்களில் மட்டுமே, பள்ளிவிட்டு வந்த பிள்ளைகளும் பெற்றோரும் விழித்திருந்து ஒரு விளக்கின்கீழ்க் கூட இயலும். மற்ற நான்கு வாரங்களில் ஒருவர் உறங்க, ஒருவர் உழைக்க, ஒருவர் படிக்க, வீடு சத்திரம்போல் இயங்கும். கணவன் மனைவி இருவரும் மூன்று முறைகளிலும் வரிசை மாறாமல் சுழன்று, வெவ்வேறு முறையில் தொடங்கியிருப்பின், அவர்கள் என்றுமே ஒரே முறையில் சந்தித்தல் இல்லை. இக்கொடுமையை எவரும் வேண்டுமென்று செய்யவில்லை. இரண்டு ஆலைகளின் இரண்டு அட்டவணைகள் ஒன்றையொன்று அறியாமல் செய்தது.

இங்குத்தான் நம் கருத்து தோன்றுகிறது. ஓய்வைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் அளவையே பேசுகின்றனர். அதற்குத் தக்க காரணமும் உண்டு. 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியதும், 1923-ஆம் ஆண்டு மே முதல் நாளிற் சிங்காரவேலர் சென்னையில் தொழிலாளர் விழா எடுத்ததும் மனிதனை மனிதனாக வாழவிடுமாறு கேட்டற்கே. 1919-இல் வாஷிங்டனிற் கூடிய அனைத்துலகத் தொழிலாளர் மாநாடு நாளுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என்று வரையறுத்தது. நம் நாட்டின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமும் வாரத்திற்கு 48 மணியையே எல்லையாகக் கொண்டு, வார விடுமுறையையும் விதித்தது. 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு இடந்தரும் சட்டத் திருத்தம் நம் மாநிலச் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது எதிர்ப்பு எழுந்தது; அவ்வாண்டு மே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. அளவைக் காக்கும் போர் இன்றும் வேண்டியதே.

ஆனால் அளவு மட்டும் போதுமா? அவ்வீட்டில் தந்தைக்கும் ஓய்வு உண்டு, தாய்க்கும் உண்டு. இருவர் ஓய்வும் ஒருங்கே வாய்ப்பதில்லை. தனித்துப் பெறும் ஓய்வு உடலைத் தேற்றும். சேர்ந்து பெறும் ஓய்வே குடும்பத்தை ஆக்கும்.

இதனை உலகம் ஒருமுறை பெரிய அளவிற் சோதித்தும் பார்த்தது. 1929-இல் சோவியத் நாடு, இயந்திரங்கள் ஒரு நாளும் நில்லாதிருத்தல் வேண்டுமென்று ஐந்து நாள் வாரத்தை ஏற்படுத்திற்று. தொழிலாளர் ஐந்து பிரிவாகப் பகுக்கப்பெற்றனர். பிரிவுக்கு ஒரு நாளாக விடுமுறை சுழன்றது. நான்கு நாள் உழைத்தால் ஐந்தாம் நாள் ஓய்வு. எண்ணிப் பார்ப்பின் முன்னையினும் ஓய்வு மிகுதியே. ஆயினும் கணவனுக்கு ஒரு நாள், மனைவிக்கு ஒரு நாள், பிள்ளைகளின் பள்ளிக்கு ஒரு நாள் என்றானபோது, ஆளில்லா வீட்டில் தனித்திருந்து கழிக்கும் விடுமுறை எதற்கென்று தொழிலாளர் முறையிட்டனர். 1931-இல் எல்லோர்க்கும் பொதுவான ஓய்வு நாளுடன் ஆறு நாள் வாரம் வந்தது. 1940-இல் ஏழு நாள் வாரமும் ஞாயிறு விடுமுறையும் மீண்டன.

"இன்று கைபேசி உண்டே! ஆலையிலிருந்தபடியே முகம் பார்த்துப் பேசலாமே!" என்று சிலர் கூறுவர். உண்மை; தொலைவில் உள்ளாரின் முகங்காட்டும் அக்கருவிக்கு நாம் நன்றியுடையோம். ஆனால் பார்த்தல் வேறு, உடன் செய்தல் வேறு. கைபேசியில் தாய் "படித்தாயா? உண்டாயா?" என்றே கேட்க இயலும், ஆணியைப் பிடித்துக்கொள்ள இயலாது. குழந்தைகள் பெற்றோரை அறிவது வினாக்களால் அன்று. கோடையிற் கூழ் வடகம் பிழிந்து காக்கை ஓட்டும்போதும், பொங்கலுக்குச் சுவரில் வெள்ளையடிக்கும்போதும், மழைக்கு முன் மாடியில் தொட்டிகளிற் கீரை விதைக்கும்போதும், மழையடைத்த மாலையில் தாயம் உருட்டும்போதும் ஆகும். தந்தை தோற்பதைப் பிள்ளை காண்பதும், பிள்ளை பிழைப்பதைத் தாய் பொறுப்பதும் அத்தகைய சிறு செயல்களில்தாம். அவற்றுக்குச் செலவு இல்லை. கூடியிருக்கும் பொழுது ஒன்றே வேண்டும்.

நாம் அங்குத் தங்கிய வாரம் நல்வாரம். தாய்க்கு முதல் முறை. தந்தைக்கு இரவு முறை. அந்திக்குப் பின் மாடியில் நிலாச்சோறு. ஆயா பெரிய வட்டிலில் சோற்றையும் வற்றற் குழம்பையும் பிசைந்து, உருண்டை உருட்டி ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் வைத்தார். விருந்தினராகிய நமக்கும் வைத்தார். தம் மகனுக்கும் வைத்தார். அவர் பிள்ளைகளோடு வரிசையில் அமர்ந்து கையை நீட்டினார். தெற்கே ஆலை விளக்குகள் ஒளிர்ந்தன. எட்டேமுக்காலுக்கு அவர் எழுந்து கை கழுவினார்; ஒன்பது மணிக்குப் பேருந்து. "போய் வருகிறேன் அம்மா" என்று அவர் படியிறங்கியதும், சிறுவன் "அடுத்தது எப்போது, ஆயா?" என்றான். நிலாவைக் கேட்கவில்லை அவன். கதவில் ஒட்டிய தாளையே கேட்டான்.

இல்லமே அருகில் இல்லாதோர் நிலை இன்னும் எண்ணத்தக்கது. இப்பகுதி ஆலைகளில் உழைக்கும் இளம் பெண்கள் பலர், தொலைவிலுள்ள மாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்குகின்றனர். 2021 டிசம்பரில் விடுதி உணவால் பலர் நோயுற, அவர்தம் தோழியர் நெடுஞ்சாலையில் அமர்ந்து நீதி கேட்டதை நாடறியும். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில், 18,720 பேர் தங்கத்தக்க பெருங்குடியிருப்பைச் சிப்காட் நிறுவனம் கட்டித் திறந்தது. நல்ல கூரையும் நல்ல குடிநீரும் பெருநன்மையே. ஆயினும் கட்டிலும் பேழையும் அமைந்தால் மட்டும் ஓரிடம் இல்லமாகிவிடாது. விடுமுறை நாளில் தம் ஊர்க் குழம்பைத் தாமே வைத்துத் தோழியர்க்குப் படைக்க ஓர் அடுப்பும், ஒரு கறிவேப்பிலைக் கன்றை நட்டு வளர்க்கச் சிறிது மண்ணும், ஊரிலிருந்து வரும் தாய் தந்தையர் ஒரு பகல் இருந்து பேச ஒரு கூடமும் எவ்விடுதியிலும் இருத்தல் வேண்டும்.

நாம் வேண்டுவன அரியவை அல்ல. கணவனும் மனைவியும் ஆலைத் தொழிலாளராயின், அவர் விரும்பினால், வார விடுமுறையேனும் ஒரே நாளில் அமையுமாறு ஆலைகள் தம்முட் கலந்து செய்தல் வேண்டும். ஷிப்டு அட்டவணையை ஒரு மாதம் முன்னரே அறிவித்தல் வேண்டும்; அறிந்திருந்தால் ஏழைக் குடும்பமும் தன் சிறு விழாக்களை வகுத்துக்கொள்ளும். பிள்ளைகளின் தேர்வுக் காலத்தில் முறை மாற்றிக்கொள்ளும் வசதி இருத்தல் வேண்டும். இவற்றால் இயந்திரம் எதுவும் நிற்கப்போவதில்லை. எழுதுவோர் சற்றே கூடுதலாக எண்ண வேண்டும், அவ்வளவே. குடும்பத்தார்க்கும் ஒன்று சொல்வோம்: கிடைத்த அவ்விரு வாரங்களை ஆளுக்கொரு திரையின் முன் அமர்ந்து போக்கிவிடாது, எல்லோர் கையும் படும் ஒரு வேலையை எப்போதும் வீட்டில் அரைகுறையாக வைத்திருங்கள்.

இறுதியாக, மாணவ நண்பர்களே! இம்மலரைப் படிக்கும் உங்களிற் சிலர் நாளை அவ்வாலைகளில் பொறியியலாளராகவும் மேலாளராகவும் அமர்வீர்கள். இன்னார் இன்ன முறை என்று எழுதும் தாள் உங்கள் மேசைக்கு வரும். அதில் உள்ள எண்கள் உங்களுக்கு ஆட்களின் கணக்காகத் தோன்றும். அத்தாளின் படியொன்று ஒரு வீட்டின் அடுக்களைக் கதவில் ஒட்டப்பெறும் என்பதையும், அதனை அண்ணாந்து பார்த்து ஒரு சிறுவன் விரல்விட்டு எண்ணுவான் என்பதையும் கையெழுத்திடுமுன் ஒரு கணம் நினைப்பீர்களாக.