சீட்டுக்குக் கீழே ஒரு அப்பளக் கட்டு

பைக்கின் பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் சுருள் கம்பி மாட்டிக்கொண்டு நிற்கிறதே, அதற்கு ஷாக் அப்ஸார்பர் என்று பெயர் வைத்தவர் நம்ம ஊர் ஸ்பீட் பிரேக்கர்களைப் பார்த்திருக்க மாட்டார். போகட்டும். பள்ளத்தின் அடியை முதலில் வாங்கிக்கொள்வது வெளியே தெரிகிற ஸ்பிரிங்தான். ஆனால், வாங்கினதை வட்டியில்லாமல் உடனே திருப்பித் தந்துவிடும் நாணயஸ்தன் அது. அமுங்கும், எகிறும், மறுபடி அமுங்கும். தடுக்க ஆளில்லையென்றால் வண்டி அடுத்த தெரு வரை தலையாட்டிக்கொண்டே போகும்.

தடுக்கிற ஆள் உள்ளே இருக்கிறார். ஒரு குழாய், அதில் எண்ணெய், எண்ணெய்க்குள் ஏறி இறங்கும் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் சில ஓட்டைகள். வீட்டில் முறுக்கு பிழிந்து பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மெதுவாக அழுத்தினால் மாவு சமர்த்தாக இறங்கும். அவசரப்பட்டால் கை வலிக்கும்.

வெறும் ஓட்டை மட்டும் இருந்தால் ஒரு சிக்கல். பிஸ்டனின் வேகம் இரண்டு மடங்கானால் எண்ணெயின் எதிர்ப்பு நாலு மடங்காகிவிடும். நல்ல ரோட்டில் படகு மாதிரி ஆடுகிற வண்டி, கூர்மையான பள்ளத்தில் இரும்புத் தடியாகி அடியை நேராக முதுகெலும்புக்கு அனுப்பும்.

இதற்கு இன்ஜினீயர்கள் கண்டுபிடித்த மருந்துதான் அப்பளக் கட்டு. 'ஷிம்' என்பார்கள். மெல்லிய எஃகு வட்டத் தகடுகளைப் பெரிதிலிருந்து சிறிதாகக் கோபுரம் போல அடுக்கி, ஓட்டைகளின் வாயை மூடிவிடுகிறார்கள். எண்ணெய் தள்ளினால் தகடுகளின் ஓரம் வளைந்து வழி விடும். பலமாகத் தள்ளினால் அகலமாகத் திறக்கும். தகட்டின் கனம் 0.1 மில்லிமீட்டர், 0.15, 0.2 என்று போகும். இதிலென்ன பெரிய வித்தியாசம் என்று கேட்காதீர்கள். கனம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு! 0.2 தகடு ஒன்றும் 0.1 தகடு எட்டும் சமம். ரேஸ்காரர்கள் ஒரே ஒரு தகட்டை மாற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பது இதனால்தான். கென்த் ஓலின் என்ற ஸ்வீடன்காரர் 1976-ல் இந்தத் தொழிலுக்கென்றே கம்பெனி ஆரம்பித்தார். 1978-லேயே அவருடைய ஷாக் மாட்டிய வண்டி மோட்டோகிராஸில் உலக சாம்பியன்.

பிஸ்டனின் இரண்டு முகத்திலும் தனித்தனிக் கட்டு உண்டு. ஒன்று அமுங்கும்போது, மற்றது எழும்பும்போது. எழும்பும்போதுதான் பிடி அதிகம் தேவை, ஏனென்றால் ஸ்பிரிங் சேர்த்து வைத்த பலம் முழுவதும் அப்போது பின்னாலிருந்து தள்ளுகிறது. பிடி தளர்ந்தால் பின் சீட்டில் இருப்பவர் ஆகாயம் பார்ப்பார். ரொம்ப இறுகினாலும் ஆபத்து: ஒரு பள்ளத்திலிருந்து எழுந்து முடிப்பதற்குள் அடுத்த பள்ளம் வந்து, வண்டி கொஞ்சம் கொஞ்சமாகக் குந்திக்கொண்டே போகும்.

விலையுயர்ந்த வண்டிகளில் திருகி வைக்க ஒரு ஊசியும் இருக்கும். தகடு திறக்காத மெதுவான அசைவுகளுக்கு அதுதான் சந்து வழி. மெதுவு என்பது வண்டியின் வேகமல்ல, பிஸ்டனின் வேகம். நூறு கிலோமீட்டரில் வழவழப்பான ரோட்டில் போனால் பிஸ்டன் தூங்கும். இருபதில் குழியில் விழுந்தால் அலறும்.

சாதாரண வண்டிகளில் நாம் திருகுகிற ஐந்து படி வளையம் வேறு சமாசாரம். அது ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைக்கும், அவ்வளவுதான். வால்வுக்கும் அதற்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. ஆனால் ஒர்க்ஷாப்பில், "வண்டி குதிக்குதுப்பா" என்றால், "ரெண்டு பாயிண்ட் ஏத்திட்டேன் சார், கல்லு மாதிரி இருக்கும்" என்கிறார்கள். கல் மாதிரிதான் இருக்கிறது. குதிக்கவும் செய்கிறது. எண்ணெய் சீல் போய், தண்டெல்லாம் பிசுக்கும் தூசியுமாக இருக்கிற ஷாக்கில், தகடு பிடித்து நிறுத்த உள்ளே எண்ணெய் வேண்டாமா? காற்றும் கலந்து நுரைத்தால் இன்னும் மோசம். நுரைக்கு எதிர்ப்பு ஏது? அதற்காகத்தான் சில ஷாக்குகளில் நைட்ரஜனை அடைத்து எண்ணெயை அழுத்தத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

இது சொகுசு விவகாரம் மட்டுமில்லை. டயர் தரையை விட்டு எழும்புகிற அந்த நொடியில் பின் பிரேக்கை மிதித்து என்ன பிரயோஜனம்? பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து, மடியில் குழந்தையும் கையில் கூடையுமாக வருகிற அம்மாளுக்கு ஹேண்டில்பாரும் கிடையாது, பள்ளம் வருவதும் தெரியாது.

சந்தேகமிருந்தால் இன்றைக்கே பாருங்கள். ஸ்டாண்டை எடுத்துவிட்டு வண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, பின் சீட்டை பலமாக அமுக்கி விடுங்கள். ஒரு தடவை எழும்பி நின்றால் சரி. இரண்டு மூன்று தடவை ஆடினால் உள்ளே ஆள் காலி. பல சாதாரண ஷாக்குகளைப் பிரித்து ரிப்பேர் செய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். மாற்றினால் ஜோடியாக மாற்றச் சொல்லுங்கள். "ஒண்ணுதான் சார் லீக்கு" என்பார்கள், விடாதீர்கள்.