தேடல் வரிசையில் மறையும் கடைத்தெரு

கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் உள்ள சிறு கடைகளை ஓர் ஆபத்து நெருங்கியிருக்கிறது. வாடகை உயர்வைப் போலவோ வாகனம் நிறுத்த இடமில்லாததைப் போலவோ அது கண்ணில் படுவதில்லை. இணையத் தேடுபொறிகள் தங்கள் வரிசை விதிகளை அடிக்கடி மாற்றுகின்றன. அந்த மாற்றங்கள் பலவற்றில் பெரிய பிராண்டுகள் மேலேறுகின்றன. சிறு கடைகள் கீழே தள்ளப்படுகின்றன. பெரும்பாலும் முன்னறிவிப்பு இல்லை. முறையிட இடமும் இல்லை.

தீபாவளிக்கு முன் கைப்பேசியில் கிள்ளானில் முறுக்கு எங்கே கிடைக்கும் என்று தேடுபவர் எதைக் காண்கிறார்? முதலில் விளம்பரங்கள். அவற்றின் கீழே மூன்று கடைகளைக் காட்டும் வரைபடம். அதன்பின் பெரும்பாலும் மின்வணிகத் தளங்கள், உணவு விநியோகச் செயலிகள், ‘சிறந்த பத்து’ என்று பட்டியல் போடும் பயணத் தளங்கள். முறுக்கைப் பிழிந்து விற்கும் கடையின் சொந்தப் பக்கம் இவற்றைத் தாண்டித்தான் வரும். அவ்வளவு தூரம் விரலை நகர்த்துவோர் குறைவு. கடையின் பெயரையே தட்டித் தேடினாலும் செயலியின் பக்கம் மேலே நிற்பதுண்டு. அதன் வழியே வரும் ஆர்டருக்குக் கடைக்காரர் தரகு கொடுக்க வேண்டும். தன் பெயரைத் தேடி வந்த வாடிக்கையாளருக்கே தரகு கொடுக்கும் நிலை இது.

இதைச் சூழ்ச்சி என்று நாம் கூறவில்லை. இணையத்தில் போலித் தளங்கள் பெருகியபோது, எந்தத் தளத்தை நம்பலாம் என்பதற்குத் தேடுபொறிகளுக்கு அடையாளங்கள் தேவைப்பட்டன. பொதுவான சொற்களைத் தேடினாலும் பெயர்பெற்ற நிறுவனங்களே முன்னே வரும் போக்கு 2009-இன் தொடக்கத்திலேயே கவனிக்கப்பட்டது. 2011 முதல் வந்த பல மாற்றங்கள் தரமற்ற பக்கங்களை ஒதுக்கவே கொண்டுவரப்பட்டன. நோக்கத்தில் குறையில்லை. ஆனால் நம்பகத்துக்கு அடையாளமாகக் கொள்ளப்படுபவை எவை? பிற தளங்கள் தந்துள்ள இணைப்புகள், பெயர் எங்கெல்லாம் பேசப்படுகிறது என்பது, மதிப்புரைகளின் எண்ணிக்கை. இவை மூன்றும் விளம்பரச் செலவோடு சேர்ந்தே வளர்பவை. விதி எல்லாருக்கும் ஒன்றாக இருந்தும் விளைவு ஒன்றாக இல்லை.

மசாலா அரைத்துக் கொடுக்கும் மில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். காய்ந்த மிளகாய், மல்லி, சீரகம், சோம்பு ஆகியவற்றைச் சேர்ப்பதில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. வெயிலில் காயவைத்த சாமான்களைப் பையில் கட்டி எடுத்துவரும் குடும்பம், தாத்தா காலத்து மில்லையே தேடி வருகிறது. இந்த நம்பிக்கை வாய்மொழியாக வளர்ந்தது. இணையத்தில் அதற்குத் தடயம் இல்லை. பொட்டலத்தில் வரும் மசாலாத் தூளுக்கு ஆயிரக்கணக்கில் மதிப்புரை சேர்கிறது. மில்லுக்குச் சேர்வது சொற்பம். பிரிக்பீல்ட்ஸில் பூச்சரம் தொடுப்பவர், தாலி செய்யும் பொற்கொல்லர், உடற்பிடி நிலையம் நடத்தும் பார்வையற்றோர் ஆகியோரின் நிலையும் இதுவே. வரைபடத்தில் தொலைவும் கணக்கில் எடுக்கப்படுவதால் அருகில் இருப்பவருக்கு இக்கடைகள் தென்படக்கூடும். சிரம்பானிலிருந்து தேடுபவருக்கு அந்த வாய்ப்பும் குறைவு.

நிலைமை மேலும் இறுகிவருகிறது. 2024 முதல் செயற்கை நுண்ணறிவு தொகுத்துத் தரும் சுருக்கங்கள் தேடல் பக்கங்களின் உச்சியில் இடம்பெறத் தொடங்கியுள்ளன. அவை சுட்டும் தளங்கள் சிலவே. பத்து இணைப்புகள் இருந்த வரிசையிலேயே இடம் கிடைக்காத கடைக்கு அங்கே இடம் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இதில் பொதுப் பணமும் அடங்கியிருக்கிறது. 2010-இல் துன் சம்பந்தன் சாலையை லிட்டில் இந்தியாவாகச் சீரமைக்க அரசு செலவிட்டது. 2020-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் சிறு, நடுத்தரத் தொழில்கள் மின்னிலக்கத்துக்கு மாறும் செலவில் பாதியை, 5,000 ரிங்கிட் வரை, ஏற்கும் மானியம் அறிவிக்கப்பட்டது. இணையத்துக்கு வாருங்கள் என்று அரசே வணிகர்களை அழைத்தது. அழைத்த இடத்தில் அவர்கள் கண்ணில் படுகிறார்களா என்று பார்க்கும் கடமையும் அழைத்தவர்களுக்கு உண்டு.

சட்டம் இல்லை என்று கைவிரிக்க முடியாது. 2010-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் 2012 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. சந்தையில் ஆதிக்க நிலையில் இருப்பவர் அந்த நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதை அதன் 10-ஆவது பிரிவு தடுக்கிறது. நடவடிக்கை வெளிநாட்டில் எடுக்கப்பட்டாலும் மலேசியச் சந்தையின் போட்டியைப் பாதித்தால் சட்டம் பொருந்தும். உலகளாவிய வருவாயில் 10 விழுக்காடு வரை அபராதம் விதிக்கவும் வழியுண்டு. வரிசை மாற்றம் இச்சட்டத்தின் வரம்புக்குள் வருகிறதா என்பது ஆராய்ந்து சொல்லப்பட வேண்டிய கேள்வி. சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் பொறுப்பில் உள்ளவர்கள் அதை ஆராய வேண்டும். ஆராய்ந்து கண்டதைப் பயனீட்டாளர்களும் வணிகர்களும் படிக்கும்படி வெளியிட வேண்டும்.

பிற நாடுகள் காத்திருக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஜூலை முதல் நடப்பில் உள்ள விதிப்படி, வரிசையை முடிவு செய்யும் முக்கியக் காரணிகளையும் எதற்கு எவ்வளவு மதிப்பு என்பதையும் தேடுபொறிகள் வெளிப்படையாகக் கூற வேண்டும். 2024 மார்ச் முதல், குறிப்பிட்ட அளவைத் தாண்டிய பெருந்தளங்கள் வரிசையில் தங்கள் சேவையையே முன்னே நிறுத்தவும் தடை உள்ளது. அங்கும் சிறு வணிகரின் குறைகள் தீர்ந்துவிடவில்லை. ஆனால் கேட்பதற்கு அவர்களுக்குச் சட்டத்தில் ஓர் இடம் கிடைத்திருக்கிறது. நம் நாட்டில் 2025 ஜனவரி 1 முதல் 80 லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள சமூக ஊடகங்களும் தகவல் பரிமாற்றச் செயலிகளும் உரிமம் பெற வேண்டும். தேடுபொறிகள் அந்த ஏற்பாட்டில் இல்லை. பயனர்களின் பாதுகாப்புக்காக எழுந்த அந்த ஏற்பாடு, வணிகரின் பிழைப்பைத் தொடவில்லை.

நாம் கோருவது சிறு கடைகளுக்கு முதலிடம் தரும் சலுகையை அன்று. தேடுபொறிகள் தங்கள் சூத்திரத்தைத் திறந்து காட்ட வேண்டும் என்றும் கேட்கவில்லை. காட்டினால் போலித் தளங்களே முதலில் பயனடையும். வரிசையைத் தீர்மானிக்கும் முக்கியக் காரணிகள் மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் வெளியிடப்பட வேண்டும். பெரிய மாற்றத்துக்கு முன்னறிவிப்பு வேண்டும். கீழிறங்கிய வணிகர் காரணம் கேட்டால், நாட்டுக்குள்ளேயே, குறித்த காலத்துக்குள், மனிதர் ஒருவர் பதில் சொல்லும் முறை வேண்டும். விளம்பரம் எது, தேடலின் முடிவு எது என்பது ஒரே பார்வையில் விளங்க வேண்டும்.

வணிகர் சங்கங்களும் தனித்தனிப் புலம்பலை நிறுத்தி, வரிசையில் தங்கள் கடை எந்த நாளில் எங்கே இருந்தது என்பதைத் தேதியோடு பதிவு செய்யத் தொடங்க வேண்டும். சான்று இல்லாத புகாரை எந்த ஆணையமும் விசாரிக்காது.

தீபாவளி வியாபாரம் சில வாரங்களே நீடிப்பது. பல கடைகளுக்கு ஆண்டு முழுவதற்குமான கணக்கு அந்த வாரங்களில்தான் நேராகிறது. அந்த நேரத்தில் விதி மாறி, விளக்கம் தை மாதத்தில் வந்தால் யாருக்கும் பயனில்லை. அடுத்த தீபாவளிச் சந்தைக்குக் கொட்டகை போடும் முன்பே, வரிசை மாற்றம் போட்டிச் சட்டத்துக்குள் வருகிறதா என்ற ஆய்வு தொடங்க வேண்டும். அதை யார் நடத்துகிறார்கள், எப்போது முடிப்பார்கள் என்பது நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட வேண்டும்.